பிரெஞ்சும் புவியியலும்: மலையகத்துப் பிள்ளைக்கு எந்த வழி?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, என்னிடம் புவியியல் படித்த பிள்ளை ஒருத்தி அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கையில் பல்கலைக்கழக அனுமதிக் கையேடு, அதில் நாலைந்து பக்கங்களின் ஓரம் மடித்திருந்தது. "சேர், எனக்குப் புவியியலையும் பிரெஞ்சையும் சேர்த்துப் படிக்கணும்" என்றாள். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். உட்காரச் சொல்லியும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "புவியியல் சரிங்க சேர், டீச்சராகலாம். இந்தப் பிரெஞ்சு எதுக்குங்க? அதப் படிச்சிட்டு எங்க போயி வேல கேக்கிறது?"

நியாயமான கேள்வி. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ லுணுகலையிலோ இருக்கிற எந்த அப்பாவும் இதைத்தான் கேட்பார். அன்று அவர்களோடு இரண்டு மணிநேரம் பேசினேன். அந்தப் பேச்சையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே யோசனையோடு இன்னும் சில பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கு உதவும்.

முதலில் அப்பாவின் கேள்வி. இந்த இரண்டும் ஏன் சேர வேண்டும்?

நான் பேராதனையில் புவியியல் படித்தவன். மூன்றாம் வருடம் நூலகத்தில் பெருந்தோட்டங்களைப் பற்றிய ஒரு பிரெஞ்சுக் கட்டுரை கையில் அகப்பட்டது. அதில் இருந்த தேசப்படங்கள் எல்லாம் எனக்குப் புரிந்தன. கோப்பி எங்கே இருந்தது, தேயிலை எங்கே ஏறியது, கிராமத்து எல்லை எங்கே நின்றது என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. பக்கத்தில் இருந்த எழுத்தில் ஒரு வரி புரியவில்லை. என் தாத்தா கொத்திய மலையைப் பற்றி யாரோ எழுதி வைத்திருக்கிறார், என்னால் வாசிக்க முடியவில்லை என்ற அந்த வலி பல வருடம் இருந்தது. முப்பது வயதைத் தாண்டித்தான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினேன். இலங்கையின் கிராமங்களையும் தோட்டங்களையும் பற்றி எரிக் மேயர் என்ற பிரெஞ்சு வரலாற்றாளர் நிறைய எழுதியிருக்கிறார், பெரும்பகுதி பிரெஞ்சில். பாரிஸ் வட்டாரத்துத் தமிழர் எங்கே குடியேறினார்கள், எந்தத் தெருவைத் தங்கள் தெருவாக்கினார்கள் என்று ஆராய்ந்த அந்தோனி கொரோ-போன்சோ ஒரு புவியியலாளர். நம்மைப் பற்றிய புவியியல் ஏற்கெனவே பிரெஞ்சில் இருக்கிறது. வாசிக்கத்தான் ஆள் குறைவு.

இதைவிடப் பெரிய காரணம் ரீயூனியன். இந்துமாக்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள தீவு, இன்றும் பிரான்சின் ஒரு பகுதி. 1848ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். ரீயூனியனுக்கு மட்டுமல்ல, அத்திலாந்திக்கைத் தாண்டியும் போனார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவிலும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவிலும் முதல் தொகுதி ஆட்களை இறக்கியது. அதே காலத்தில்தான் நம் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள், கோப்பி பறிக்க. ஊரில் அதே பஞ்சம், அதே கடன். ஒரு கூட்டம் தெற்கே வந்தது, ஒரு கூட்டம் கப்பல் ஏறியது.

இன்று ரீயூனியனில் சென்-ஆந்த்ரே என்ற ஊரில் கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, தீமிதிப்பு இருக்கிறது. தமிழ் பேச்சு ஏறக்குறைய போய்விட்டது. அந்த ஊரின் மேயராகவும் பிறகு செனட்டராகவும் இருந்தவர் பெயர் ழான்-போல் விராபுல்லே. அந்தப் பெயரைக் கேட்டதும் பிள்ளையின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தீவுத் தமிழருடைய லயத்துக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு: 'கல்பனோன்'. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன அறை. ஒப்பந்தத்தில் வந்தவர்களைத் தங்க வைக்கக் கட்டியது. நம் லயத்தையும் அவர்கள் கல்பனோனையும் அருகருகே வைத்து, சரிவு, ஓடை, தொழிற்சாலை, கோயில் எல்லாம் எங்கெங்கே என்று ஒப்பிட்டுப் படம் வரைய ஒருவருக்குப் பிரெஞ்சும் தெரிய வேண்டும், புவியியலும் தெரிய வேண்டும், லயத்தில் வளர்ந்திருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்ட ஆள் நம்மிடம்தான் வர முடியும்.

இயற்கையும் ஒத்துப்போகிறது. பிதுருதலாகல 2,524 மீற்றர். ரீயூனியனின் பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,000 மீற்றரைத் தாண்டும். மழையில் அந்தத் தீவுக்கு உலகச் சாதனை உண்டு: 1966 ஜனவரியில் அங்கே ஓரிடத்தில் 24 மணிநேரத்தில் 1,825 மில்லிமீற்றர் பெய்தது. நுவரெலியாவுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற மழையில் பெரும்பகுதி அது. செங்குத்தான சரிவு, கொட்டும் மழை, சரிவில் குடியிருப்பு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலையை நாம் மறக்கவில்லை. சரிவில் வாழும் மக்களை எப்படிக் காப்பது என்று பிரெஞ்சு மொழியில் வேலை செய்கிறவர்களிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது.

தேயிலைக்கு வந்தால் பிரெஞ்சுக்காரர்களிடம் 'தெருவார்' என்று ஒரு சொல் இருக்கிறது. மண், சரிவு, காற்று, மழை, அங்கே வேலை செய்யும் கையின் பழக்கம், எல்லாம் சேர்ந்து ஒரு பொருளுக்குத் தரும் குணம். திராட்சை மதுவுக்காகப் பிறந்த சொல். திம்புள்ளைத் தேயிலை ஜனவரியிலிருந்து மார்ச் வரை மணக்கிறது, ஊவாத் தேயிலை ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. ஏன்? மலையின் இந்தப் பக்கத்துக்கு வறண்ட காற்று வருவது ஒரு பருவத்தில், அந்தப் பக்கத்துக்கு இன்னொரு பருவத்தில். இதை நாம் வகுப்பில் 'பருவக்காற்று' என்ற தலைப்பில் படிக்கிறோம், கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு அது உடம்பிலேயே தெரியும். பிரெஞ்சுக்காரருக்கு 'தெருவார்' என்று சொன்னால் போதும், மீதியை அவரே கேட்பார்.

சரி, காரணம் இருக்கிறது. இனி வழி.

கையேட்டில் அந்தப் பிள்ளை மடித்து வைத்திருந்த முதல் பக்கம் களனிப் பல்கலைக்கழகம். அங்கே நவீன மொழிகள் துறையில் பிரெஞ்சு இருக்கிறது, சமூக விஞ்ஞான பீடத்தில் புவியியல் இருக்கிறது. முதல் வருடம் மூன்று பாடம் எடுக்கும் முறையில் இரண்டையும் சேர்க்க இடம் உண்டு. பார்த்தவுடன் இதுதான் சரியான வழி என்று தோன்றும். பிரெஞ்சு தினமும் காதில் விழும், விரிவுரையாளர் பக்கத்தில் இருப்பார், கூடப் படிக்கிறவர்களோடு பேசிப் பழகலாம். மொழி படிக்க இதைவிட நல்ல சூழல் இல்லை.

ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று, 'சேர்த்துப் படிப்பது' எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது. நம் முறையில் மூன்று வருடப் பொதுக் கலைமாணிக்கு மூன்று பாடத்தையும் கொண்டுபோகலாம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் என்றால் ஒரு பாடத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும். அங்கே பிரெஞ்சா புவியியலா என்ற கேள்வி மறுபடி வந்து நிற்கும். பிரித்தானியாவில் இப்படி இல்லை. அங்கே பிரெஞ்சையும் புவியியலையும் சமமாக வைத்து ஒரே பட்டமாகவே கொடுக்கிறார்கள். பெரும்பாலும் நான்கு வருடம், அதில் மூன்றாம் வருடத்தைப் பிரெஞ்சு பேசும் நாட்டில் கழிக்க வேண்டும். அந்த ஒரு வருடம்தான் அந்தப் படிப்பின் உயிர். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைப் பார்த்தால் நம் வீடுகளுக்கு அது எட்டாத உயரம், ஆகவே அந்த வழியை இதற்குமேல் பேசப் போவதில்லை. அந்த மூன்றாம் வருடத்தை நாமே எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, மொழிமூலம். நம் பிள்ளைகள் பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவர்கள். களனியில் நம் பிள்ளை புவியியலை ஆங்கிலத்தில் படிக்க வேண்டி வரும், விடுதியிலும் சிற்றுண்டிச்சாலையிலும் சிங்களம் பேச வேண்டி வரும், பிரெஞ்சை அடியிலிருந்து தொடங்க வேண்டி வரும். ஒரே நேரத்தில் மூன்று மொழியில் தடுமாறுவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முடியாது என்று சொல்லவில்லை. முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் புவியியலில் கெட்டிக்காரியாக வந்த பிள்ளை, புரியாத மொழியில் புவியியல் படித்துச் சாதாரணச் சித்தியோடு வெளியே வருவதை நான் கண்டிருக்கிறேன். அது பிள்ளையின் குறை இல்லை. கண்டி நகரத்துப் பாடசாலையிலோ கொழும்பிலோ பிரெஞ்சை உயர்தரத்துக்கே எடுத்த பிள்ளை, ஆங்கிலம் ஓரளவு கைவந்த பிள்ளை என்றால் நான் யோசிக்காமல் களனி என்பேன்.

இரண்டாவது வழி பேராதனை. இதைச் சொன்னால் "நீங்க படிச்ச இடம், அதான் சொல்றீங்க" என்பார்கள். காரணம் வேறு. பேராதனைக் கலைப்பீடத்தில் புவியியலைத் தமிழ் மொழிமூலம் படிக்கலாம், ஆங்கிலத்துக்கும் மெல்ல மாறலாம். 1942ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தோடு தொடங்கிய துறை அது. வெளியே இறங்கினால் மகாவலி, நிமிர்ந்தால் ஹந்தானை. களப் பயணத்துக்கு எங்கும் தூரம் போக வேண்டாம். பிரெஞ்சை எங்கே படிப்பது? கண்டியில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையம் இருக்கிறது. வளாகத்துக்குப் பக்கத்திலேயே சரசவி உயன ரயில் நிலையம், அங்கிருந்து கண்டி சில நிமிடம். புவியியல் பட்டம் ஒரு கையில், பிரெஞ்சுச் சான்றிதழ் இன்னொரு கையில்.

சான்றிதழ் என்பது 'டெல்ஃப்'. நான்கு படி: ஏ1, ஏ2, பி1, பி2. அதற்கு மேலே 'டால்ஃப்' என்று சி1, சி2. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் சித்தி, ஆனால் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் இருபத்தைந்துக்குக் குறைந்தது ஐந்து வேண்டும். எழுத்தில் மட்டும் கெட்டிக்காரராக இருந்து தப்ப முடியாது. ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும், காலாவதி கிடையாது. பிரான்சில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் காட்டலாம்.

இப்போது ஒரு கணக்கு. பி2 அளவுக்குப் போக ஏறத்தாழ 500 முதல் 650 மணிநேர வகுப்பு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. வாரத்துக்கு 4 மணிநேரம், வருடத்தில் 40 வாரம் என்றால் 160 மணிநேரம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடியும்போது 640. அதாவது அவசரப்படாமல், ஒரு சனிக்கிழமையையும் விடாமல் போனால், பட்டம் வாங்குகிற வருடமே பி2 வாசலில் நிற்கலாம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் அப்பா முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

இந்த வழிக்கும் குறை உண்டு. வகுப்புக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் கைக்காசு. மஹாபொலப் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும், மற்ற பிள்ளைகள் அதில் உடுப்பு எடுக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பட்டத் தாளில் 'பிரெஞ்சு' என்று ஒரு சொல்லும் இருக்காது. எல்லாவற்றையும்விட, யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். பரீட்சை வாரம் வந்தால் முதலில் விடுபடுவது சனிக்கிழமை வகுப்புத்தான். இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டு ஏ2 சான்றிதழைக் கோப்பில் வைத்திருக்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஏ2 என்பது கடையில் பாண் வாங்கப் போதும், வேலைக்குப் போதாது.

மொழி கஷ்டமா என்று பிள்ளை கேட்டாள். கஷ்டம்தான், ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இதில் சில சலுகை உண்டு. ஆங்கிலத்து 'ட'வுக்கு நம் நாக்கு மேலே போய் மடங்கும். பிரெஞ்சில் அது நம் 'த'தான், பல்லில் படுவது. மேசையை ஆங்கிலத்தில் 'டேபிள்' என்கிறோம், அதே எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் 'தாப்ல்' என்கிறார். பேச்சில் 'மரம்' என்று சொல்லிப் பாருங்கள், கடைசி 'ம்'முக்கு உதடு மூடுவதே இல்லை, ஓசை மூக்கில் போய் நின்றுவிடும். 'போன்ஜூர்' என்பதில் வரும் 'போன்' அப்படித்தான் மூக்கில் முடிகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்காக மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். நீ என்பதற்கு 'தூ', நீங்கள் என்பதற்கு 'வூ'. யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான் என்று ஆளுக்கு ஆள் வினை மாறுவதும் நமக்குப் பழக்கம்: 'ஜு வே, தூ வா, இல் வா'. கஷ்டம் எங்கே என்றால், மேசைக்குப் பெண்பால், புத்தகத்துக்கு ஆண்பால் என்று உயிரில்லாத பொருளுக்கும் பால் வைத்திருப்பதில். நமக்கு அதெல்லாம் அஃறிணை. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. தொண்டையில் உரசும் அந்த 'ர' எனக்கு இன்றுவரை முழுசாக வரவில்லை, இருந்தாலும் நான் சொல்வது அவர்களுக்குப் புரிகிறது.

மூன்றாவது வழி பாண்டிச்சேரி. இதைப் பிள்ளை மடித்து வைக்கவில்லை, நான்தான் சொன்னேன். பிரெஞ்சும் தமிழும் ஒரே பலகையில் எழுதியிருக்கும் ஊர். ஒருமுறை போனபோது வெள்ளைத் தெருவில் நீலப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே ஒரு காலை முழுக்க நடந்தேன். அங்கே 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தமிழ் ஓலைச்சுவடியும் உண்டு, எங்கே எந்தத் தாவரம் வளர்கிறது என்று காட்டும் தாவரத் தேசப்படமும் உண்டு. 1960களில் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்த ஹென்றி கொசென் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரும் கூட்டாளிகளும் இந்தியாவுக்கு மட்டுமல்ல, இலங்கைக்கும் ஒரு தாவரத் தேசப்படத் தாள் வெளியிட்டார்கள்.

அந்தக் கொசெனின் பெயரில் உள்ள ஒரு சின்ன விதியை என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் செய்து பார்ப்போம். ஒரு மாதத்தின் மழை, மில்லிமீற்றரில், அந்த மாதத்துச் சராசரி வெப்பநிலையின் இரண்டு மடங்கைவிடக் குறைந்தால் அது வறண்ட மாதம். நுவரெலியாவில் சராசரி ஏறத்தாழ 16 பாகை, இரண்டு மடங்கு 32. மிகக் குறைவாகப் பெய்யும் பெப்ரவரியிலும் மாதச் சராசரி அதற்கு மேலே நிற்கிறது, ஆகவே வறண்ட மாதமே இல்லை. மன்னாரில் 28 பாகை, இரண்டு மடங்கு 56. ஜூன், ஜூலையில் அங்கே அதில் பாதிகூடப் பெய்யாது. அப்போது ஒரு பையன் எழுந்து, "சேர், நம்ம தாத்தா மாரு அந்த வறண்ட இடத்துல இறங்கித்தான் இங்க நடந்து வந்தாங்க, என்ன?" என்றான். இரண்டு எண்ணைப் பெருக்கியதில் அவனுக்கு ஒரு பயணமே தெரிந்துவிட்டது.

பாண்டிச்சேரியின் வசதி தமிழ். சாப்பாடு, பஸ், கடை எல்லாம் பழகிய மொழி. இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் இலங்கை மாணவருக்கு உண்டு, விசாரிக்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை, கண்டியிலேயே இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை இருக்கிறது. ஆனால் அங்கே இளங்கலையில் பிரெஞ்சு என்றால் பெரும்பாலும் மொழியும் இலக்கியமும்தான், புவியியல் கூட வருவது அரிது. அதனால் முதல் பட்டத்துக்கு நான் பாண்டிச்சேரியைச் சொல்ல மாட்டேன். இங்கே புவியியலை முடித்து, பிரெஞ்சு ஓரளவு கையில் வந்த பிறகு ஆராய்ச்சிக்கு என்று போனால் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நேரே பிரான்சுக்கே போய்விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள், குறிப்பாகப் பாரிசில் சித்தப்பா, மாமா இருக்கிற பிள்ளைகள். லா ஷப்பேல் பக்கம் போனால் யாழ்ப்பாணத்துக் கடைவீதி மாதிரியே இருக்கிறது, எல்லாம் சமாளிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். கடைவீதி வேறு, விரிவுரை மண்டபம் வேறு. அங்கே முதல் வருடத்தில் சேரவே பெரும்பாலும் பி2 கேட்பார்கள். படிப்பு மூன்று வருடம், 'புவியியலும் பிரதேசத் திட்டமிடலும்' என்று பெயர். அங்கே பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்காது, மூச்சு விடுகிற காற்றாக இருக்கும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இளங்கலைப் பதிவுக் கட்டணம் 2019ல் வருடத்துக்கு 2,770 யூரோ என்று வைத்தார்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் விலக்குத் தருகின்றன. விசாவுக்கு மாதம் 615 யூரோ கையில் உண்டென்று காட்ட வேண்டும், அது மட்டுமே வருடத்துக்கு 7,380. வருடத்துக்கு 964 மணிநேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் மொழி பிடிபடாத முதல் வருடத்தில் இரவு உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டுக் காலை விரிவுரையில் உட்காரும் பிள்ளையின் நிலை எனக்குக் கவலை தருகிறது. ரீயூனியன் பல்கலைக்கழகத்துக்கும் சட்டம் இதுவே, அதுவும் பிரான்ஸ்தான்.

முதுகலைக்குப் போகிறவரின் கதை வேறு. பட்டம் இருக்கும், பி2 இருக்கும், ஐஃபெல் போன்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், எதைப் படிக்க வந்தோம் என்பதும் தெளிவாக இருக்கும். ஆகவே பிரான்ஸை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்துப் போங்கள் என்கிறேன்.

வேலையைப் பற்றி அப்பா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. புவியியல் மட்டும் இருந்தாலே ஆசிரியராகலாம். மலையகத்தில் உயர்தரப் புவியியலைத் தமிழில் நன்றாகச் சொல்லித்தர ஆள் இன்னும் வேண்டும். புவியியல் தகவல் முறைமையைக் கணினியில் கையாளத் தெரிந்தால் மண்சரிவு, நீரேந்து பிரதேசம், காணி அளவை என்று வேலைகள் வருகின்றன. அளவையையும் படமாக்கலையும் கற்பிக்கும் நிறுவனம் தியத்தலாவையிலேயே இருக்கிறது. பிரெஞ்சு சேர்ந்தால் கூடுதலாகத் திறக்கிற முதல் கதவு சுற்றுலா. நானுஓயாவிலிருந்து எல்ல வரை போகிற ரயிலில் ஏறிப் பாருங்கள், ஜன்னலோரம் பிரெஞ்சு கேட்காத நாள் குறைவு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி பெற்ற தேசிய வழிகாட்டி, ஹோட்டன் சமவெளியில் உலக முடிவின் விளிம்பில் நின்று, கீழே ஏறத்தாழ 880 மீற்றர் பள்ளம் எப்படி உண்டானது, ஏன் பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிடுகிறது என்று பிரெஞ்சில் சொன்னால், வந்தவர் அவரைத்தான் மறுநாளும் கேட்பார். வழியில் லயத்தைக் காட்டி அங்கே யார் வாழ்கிறார்கள், எப்படி வந்தார்கள் என்பதையும் நம் வாயால் சொல்லலாம். இத்தனை காலமும் அந்தக் கதையை வேறு யாரோ, தேயிலையின் பச்சையை மட்டும் காட்டிச் சொல்லி வந்தார்கள். எனக்கு இது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம்.

மொழிபெயர்ப்பு, தூதரகப் பணி, பிரெஞ்சு பேசும் ஆபிரிக்க நாடுகளில் வேலை செய்யும் நிறுவனங்கள் என்று மேலும் உண்டு. அவற்றுக்குப் பி2 போதாது, சி1 வேண்டும்.

பிரித்தானியப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அந்த மூன்றாம் வருடத்தை நாமே உண்டாக்கலாம் என்றேன் அல்லவா? அதற்கும் இதே ரயில் பாதைதான் இடம். பல்கலைக்கழக விடுமுறையில் எல்லவிலோ நுவரெலியாவிலோ ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் நிற்கக் கேளுங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பிரெஞ்சு விருந்தினர் வந்தால் வழி கேட்பார்கள், மழை வருமா என்பார்கள், அந்த மலைக்கு என்ன பெயர் என்பார்கள். மூன்றுமே புவியியல் கேள்வி. ஒரு விடுமுறையில் இருபது பேரோடு பேசினால் வகுப்பில் வராத தைரியம் வரும். பி1 முடித்தவருக்கு இது மிகவும் பலன் தரும். அதற்கு முன்னால் போனால் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவோம்.

அன்று நான் சொன்ன முடிவு இது. பிரெஞ்சை அடியிலிருந்து தொடங்குகிற, தமிழில் படித்த பிள்ளைக்குப் பேராதனையும் கண்டியும். பிரெஞ்சு ஏற்கெனவே இருக்கிற பிள்ளைக்குக் களனி. பாண்டிச்சேரியும் பிரான்ஸும் இரண்டாம் பட்டத்துக்கு. கையேட்டில் நுழைவு நிபந்தனை வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே தெரிவு வரிசையை நிரப்பும் முன் அந்த வருடத்துப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள்.

இன்னொன்றும் சொன்னேன். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்க மாதக்கணக்காகும். அந்தக் காலத்தைப் பிள்ளைகள் வீட்டில் இருந்தோ கொழும்பில் கடையில் நின்றோ கழிக்கிறார்கள். ஏ1 வகுப்புக்கு அதுதான் நேரம். வளாகத்துக்குள் போகும்போதே முதல் நூறு மணிநேரம் முடிந்திருந்தால் அந்த 640 கணக்கு இன்னும் இலகுவாகிவிடும்.

இப்போது அவள் சனிக்கிழமைகளில் விடியற்காலை பஸ்ஸில் கண்டிக்குப் போகிறாள், கினிகத்தேனை வழியாக மூன்று மணிநேரம். முதல் இரண்டு வாரம் அப்பாவும் கூடப் போனார். போன வாரம் இருவரும் வந்திருந்தார்கள். அவளுடைய கொப்பியில் தங்கள் தோட்டத்தின் இடவிளக்கப் படத்தைப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். சரிவு, பான்த். ஓடை, ருவிஸ்ஸோ. உச்சி, சொம்மே. தங்கள் வீடு இருக்கும் வரிசையில் 'லயம்' என்று எழுதி, பக்கத்தில் 'கல்பனோன்' என்று எழுதியிருந்தாள். அப்பா அந்த இடத்தில் விரலை வைத்து, "இது அந்தத் தீவுல சொல்றதுங்களே சேர், அதுதானே?" என்றார்.